பக்கவாட்டில் கிடைத்த சிக்னல்

தில்லைநாயகி அம்மாள் செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் நிலையங்களில் ரேடியோ பொறியாளராக இருந்தவர். தீவு, பாலைவனம், கடற்கரை என்று உத்தியோகம் அவரை எங்கெங்கோ கொண்டுபோய் வைத்தது. ஓய்வுபெற்ற பிறகு வள்ளியூருக்கு வெளியே ஒரு வீட்டில் தியானம் சொல்லிக்கொடுத்தார். சாமியாரம்மா என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவார்.

அவருடைய சீடர் ஆறுமுகநயினார், மாவட்ட நீதிபதியாக இருந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய் அம்மாள் முன்னால் மட்டும்தான் அடங்கும்.

ஒரு காலையில் அவர் பழத்தட்டோடு வந்து நின்றார்.

"திருநெல்வேலியில நானும் ஒரு தியான வகுப்பு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அம்மா உத்தரவு குடுக்கணும்."

"மனசு எப்படி இருக்கு?"

"கண்ணை மூடினா அமைதிதாம்மா. இத்தனை வருஷம் உக்காந்ததுக்குப் பலன் கிடைச்சிட்டு."

"எப்பவுமேவா?"

நீதிபதி தட்டைக் கை மாற்றிப் பிடித்தார்.

"தம்பி ஞாபகம் வந்தா மட்டும் கலங்கிரும். எங்கம்மா காரியத்தன்னிக்கு ரெண்டு பேருக்கும் சண்டை. அதுக்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. அதனால நினைப்பை அந்தப் பக்கமே விடதில்லை."

அம்மாள் தட்டை வாங்கவில்லை. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். நீதிபதி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தீவு நிலையத்துல இருந்தப்ப நடந்தது சொல்லுதேன். புது செயற்கைக்கோள் ஒண்ணு முதல் தடவையா எங்க பக்கம் வந்துது. வந்த உடனே சிக்னல் கிடைச்சிட்டு. எல்லாரும் கை தட்டினாங்க. மின்சாரத்துக்கான சூரியத் தகட்டை விரின்னு கட்டளை அனுப்பினோம். விரியலை. மறுபடி அனுப்பினோம். அப்பவும் விரியலை. அதோட பேட்டரி இறங்கிக்கிட்டே வருது. அடிவானத்துல மறையதுக்குள்ள விரிஞ்சாகணும். இல்லேன்னா செத்துரும்."

"அதுல கோளாறா?"

"அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. எனக்கு வேற சந்தேகம். அது பேசுறது எங்களுக்குக் கேக்குது. நாங்க பேசுறது அதுக்குக் கேக்கலை. ஆன்டெனா கிண்ணத்துக்கு நேர் எதிரேதான் நல்லாக் கேக்கும். பக்கவாட்டுலயும் லேசாக் கேக்கும். அந்த லேசான சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு எங்க ஆன்டெனா கோணலா நிக்குது."

"நேராத் திருப்பவேண்டியதுதானே?"

"திருப்பணும்னா கிடைச்ச சிக்னலை முதல்ல விடணும். நடுவுல ஒண்ணுமே கேக்காது. கையில இருக்கதையும் விட்டுராதேன்னு அதிகாரி கத்தினார். அவர் பயத்துல நியாயம் இருந்துது. எனக்கும் அதே பயம்தான். விட்டுட்டுத் திருப்பினேன்."

"கிடைச்சுதா?"

"திரை வெறிச்சுன்னு போச்சு. பழைய இடத்துக்கே கொண்டுபோன்னு அவர் மேசையில தட்டினார். ஆன்டெனாவைத் திருப்புற சக்கரத்துல இருந்து நான் கையை எடுக்கலை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். குபீர்னு வந்து நின்னுது பாருங்க. அதுக்கு முன்ன வந்ததெல்லாம் சிக்னலே இல்லைன்னு ஆயிட்டு. கட்டளை போச்சு, தகடு விரிஞ்சுது."

நீதிபதி வாதங்களை எடைபோட்டுப் பழகியவர். அவருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

"தம்பியைக் கூப்பிட்டா இப்ப இருக்க அமைதி போயிருமேம்மா."

"போகும்."

"திரும்பி வரலைன்னா?"

"எனக்குத் தெரியாது ஐயா."

அவர் தட்டைத் தரையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தம்பியின் எண்ணை இத்தனை காலம் அழிக்காமல்தான் வைத்திருந்தார். அதை அழுத்தினார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"எடுக்க மாட்டேங்கான். வகுப்பெல்லாம் இப்ப வேண்டாம்மா. போனையும் வச்சிரட்டுமா? பழையபடி இருந்துட்டுப் போயிருதேன்."

அம்மாள் சொன்னார்: "கையை எடுக்காதீங்க ஐயா. இப்பதான் திருப்ப ஆரம்பிச்சிருக்கீங்க."