பக்கத்து அறைச் சத்தம்

"இந்த ஒண்ணை மட்டும் நீங்க பண்ணிக் குடுங்க, டீச்சர்" என்றார் மயில்சாமி.

ஜெய்துன் நிமிர்ந்து பார்த்தாள். மேஜைமேல் ஒரு பழைய லேப்டாப் இருந்தது.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் அவள் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். மயில்சாமி மில் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவளைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். மழைக்காலத்தில் ஒருநாள் படியேறி வந்து, சிப்பைச் சூடாக்கி ஈயத்தை உருக்கும் வேலையைக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வேலை அவர் கைக்கு நன்றாகவே வந்தது. போர்டின்மேல் சூடான காற்றைப் பிடிப்பார். சிப்புக்கு அடியில் இருக்கும் பொடி ஈயமணிகள் உருகியதும், இடுக்கியால் சிப்பை லேசாகத் தொடுவார். அது கொஞ்சம் நகர்ந்து, தானே தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பிறகு யாரும் தொடாமல் ஆறவிடுவார்.

ஊரார் லேப்டாப்பெல்லாம் அவர் கையால் பிழைத்துப் போயின. தான் கொண்டுவந்த லேப்டாப்பை மட்டும் அவர் இன்றுவரை பையைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை.

"யாரோடதுங்க அண்ணா?"

"தம்பியோடது. போன தையில தவறிட்டான்."

அண்ணன் தம்பி இருவருமே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையாம். ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறையில் இருந்தார்களாம்.

தம்பியின் போட்டோவெல்லாம் டிஸ்கில் பத்திரமாக இருக்கும், இப்போதே எடுத்துத் தருகிறேன் என்றாள் ஜெய்துன்.

அதை அப்போதே எடுத்தாயிற்று, இன்னும் திறந்து பார்க்கவில்லை என்றார் அவர்.

"அப்புறம் எதுக்கு இது ஓடணும்?"

மயில்சாமி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"இதோட ஃபேன் சத்தம், டீச்சர். சுவத்துக்கு அந்தப் பக்கம் கொர்ருன்னு ஓடிட்டே இருக்கும். அதைக் கேட்டுட்டேதான் தூங்குவேன். அவன் போனப்புறமும் நானே போய் ஆன் பண்ணி வெச்சுட்டு வந்து படுப்பேன். அப்புறம் இதுவும் நின்னுபோச்சு."

ஜெய்துன் லேப்டாப்பைப் பிரித்தாள். ஃபேனை வெளியே எடுத்து விரலால் தட்டிவிட்டாள். அது கரகரத்துக்கொண்டு பாதியில் நின்றது. இறகெல்லாம் தூசி அப்பியிருந்தது.

"இது சரியாச் சுத்தாமதான் சிப்பு சூடேறி ஈயம் விட்டிருக்கு. நீங்க கேட்டுட்டுப் படுத்தது இதோட கோளாறுதான் அண்ணா."

அலமாரியிலிருந்து ஒரு புது ஃபேனை எடுத்துப் பழையதன் பக்கத்தில் வைத்தாள்.

"பழசைப் போட்டா அதே சத்தம் வரும். கொஞ்ச நாள்ல மறுபடி நின்னுபோகும்."

சூடான காற்றடிக்கும் துப்பாக்கியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

மயில்சாமி பழைய ஃபேனைக் காதருகே பிடித்து விரலால் சுற்றினார். நின்றதும் மறுபடி சுற்றினார். இன்னொரு தடவையும்.

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, போர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

ஜெய்துன் திரும்பி வந்தபோது எல்லாம் பூட்டி முடிந்திருந்தது. பழைய ஃபேன் மேஜையிலேயே கிடந்தது. அவர் பட்டனை அழுத்தினார்.

திரையில் வெளிச்சம் வந்தது. தம்பி வைத்திருந்த கொடிவேரி அணைப் படம் அப்படியே இருந்தது.

மயில்சாமி குனிந்து, கீபோர்டில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"ஒண்ணுமே கேக்கலையே, டீச்சர்."

"ஓடிட்டுத்தான் இருக்குங்க அண்ணா" என்றாள் ஜெய்துன்.