கள்ளக்குரல் தேடிய பஜனை கோஷ்டி

பூசணிப்பட்டி பஜனை கோஷ்டிக்கு ஒரே ஒரு குறைதான். பாடகர் தங்கப்பழம் அடிக்குரலில் அருமையாகப் பாடுவார். மேலே ஏறும் இடத்தில் மட்டும் குரல் உடைந்து ஆட்டுக்குட்டி மாதிரி கத்திவிடுவார். தர்மகர்த்தாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "இந்த மார்கழியிலயும் குரல் உடைஞ்சா, பஜனையைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துடுவேன்" என்றார். பஜனை போனால் பாடுகிறவர்களுக்கு வைக்கும் அண்டாப் பொங்கலும் போய்விடும். தங்கப்பழத்துக்குச் சோறு இறங்கவில்லை.

டவுனிலிருந்து ஒரு பாகவதரை அழைத்து வந்தார்கள். அவர் கேட்டுவிட்டு, "உடையுற இடம் வந்ததும் கள்ளக்குரலுக்கு மாறிடுங்க. மாறுறது யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார். தொண்டையை ஒடுக்கி மேலே பாடும் மெல்லிய குரலுக்குத்தான் அந்தப் பேர். அது பூசணிப்பட்டிக்குத் தெரியாது.

"நமக்கு எப்படிங்க கள்ளக்குரல் வரும்? ஒருத்தரும் திருடினதே இல்லையே" என்றார் தங்கப்பழம்.

"நம்மள நல்லவங்களா வளர்த்தது தப்பாப் போச்சு" என்று ஆர்மோனியம் உமாபதி வருத்தப்பட்டார்.

"ஒரு திருடனைச் சேர்த்துக்குவோம்" என்றார் ஜால்ரா குப்பண்ணன்.

"ஆள் மாறுறது தெரியுமே?"

"லைட்டை அணைச்சா எப்படித் தெரியும்?"

குப்பண்ணனுக்கு இப்படி ஒரு மூளை இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஜெயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பூவலிங்கத்தைப் போய்ப் பார்த்தார்கள்.

"எனக்குப் பாட்டு வராதுண்ணே" என்றான் அவன்.

"பாட்டை நாங்க பார்த்துக்கிறோம். நீ குரல் மட்டும் கொடு. அந்த நேரத்துல லைட்டை அணைச்சிடுவோம்."

"எவ்வளவு நேரம்ணே?"

"நீ மேலே போய்ட்டு இறங்கி வர்ற வரைக்கும்."

பூவலிங்கம் கொஞ்சம் யோசித்தான். "சாமி காரியம். மாட்டேன்னு எப்படிச் சொல்றது" என்றான்.

மார்கழி பிறந்தது. விடியுமுன்னே கோயில் நிறைந்துவிட்டது. தங்கப்பழம் அடிக்குரலில் உருகிப் பாடினார். உடையும் இடம் வந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். குப்பண்ணன் லைட்டை அணைத்தார். இருட்டில் ஒரு சத்தமும் இல்லை. உமாபதி மட்டும் வெறும் தரையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

விடிந்தபோது மேடையில் ஆர்மோனியம் இல்லை, அண்டா இல்லை, பூவலிங்கமும் இல்லை.

தங்கப்பழம் கலங்கிய கண்ணோடு எழுந்தார். "அவன் மாறினது யாருக்காவது தெரிஞ்சுதா?"

யாருக்கும் தெரியவில்லை.

"குரல் உடைஞ்சுதா?"

தர்மகர்த்தா நன்றாக யோசித்துப் பார்த்தார். "இல்லையே. சுத்தமா உடையலை" என்றார். பஜனை பூசணிப்பட்டிக்கே என்று அங்கேயே முடிவானது. தங்கப்பழம் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

"அப்போ மிச்சப் பாட்டு?" என்று கேட்டார் தர்மகர்த்தா.

"பொறுங்க. மேலே போனவன் இன்னும் இறங்கலை" என்றார் தங்கப்பழம். ஊரே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. வெளிச்சம் வந்துவிட்டதே, அவன் இறங்கி வருவது தெரிந்துவிடுமே என்று குப்பண்ணனுக்கு மட்டும் கவலை. அவர் ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு சூரியனை மூடக் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.