கரை மாறிய சேவல்

ஒரு குளத்தின் கீழ்க்கரையில், புங்கமரத்தடியில், ஒரு கோழிக் கூட்டம் இருந்தது. செவலை என்ற சேவல்தான் அதற்குத் தலைவன். பெரிய கொண்டை, அதைவிடப் பெரிய பெருமை!

அந்தக் கூட்டத்தில் சாம்பி என்ற பெட்டைக்கோழி பன்னிரண்டு முட்டைகள் மேல் உட்கார்ந்தாள். இருபத்தொரு நாள் சரியாகத் தீனிகூட எடுக்காமல் அடைகாத்தாள். பொரிந்தது மூன்றே மூன்று. அதில் இரண்டு மறுநாளே கண்ணை மூடிவிட்டன. மிஞ்சிய ஒன்றுக்குக் கால்விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. எழுந்து நிற்கப் பார்க்கும், சாய்ந்துவிடும். சாம்பி அதற்குத் தங்கான் என்று பேர் வைத்து, இறகுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இடி இடிச்சுதே, அதான் முட்டையெல்லாம் கூழாயிடுச்சு!" என்றாள் ஒரு பெட்டை.

"பாம்பு மூச்சுப் பட்டிருக்கும்!" என்றாள் இன்னொருத்தி.

போன முறையும் இதையேதான் சொன்னார்கள். சாம்பிக்கு மனசு ஒப்பவில்லை.

அதே மரத்தடியில் கழுத்தில் இறகே இல்லாத கோழி ஒருத்தி இருந்தாள். சந்தைக்குப் போன கூடையிலிருந்து குதித்துத் தப்பி வந்தவள். அந்நியக்காரி என்று யாரும் அவளோடு சேர்வதில்லை. அவளும் அடைகாத்தாள். பத்து முட்டை, பத்தும் குஞ்சு! பத்தும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடின.

'அதே இடிதான் அவளுக்கும் இடிச்சுது. அப்பனும் அதே செவலைதான். அவ பிள்ளைங்க மட்டும் எப்படி நல்லா இருக்கு?' சாம்பி யோசித்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று விளங்கியது. செவலையிடம் ஓடினாள்.

"செவலை, நீயும் நானும் ஒரே அடையில பொரிஞ்சவங்க. இங்க இருக்கிற எல்லாருமே ஒரு தாய் பிள்ளைங்க. அவ ஒருத்திதான் வெளியிலேர்ந்து வந்தவ. ரத்தம் மாறணும், அப்பதான் குஞ்சு தேறும்!"

"நம்ம வம்சம் சுத்தமான வம்சம்!" என்று செவலை சீறினான். "நான் இருக்கிற வரைக்கும் வேற சேவல் இங்க கால் வைக்காது!"

சாம்பி விடவில்லை. கரை சுற்றி மேல்கரைக்கு நடந்தாள். அங்கே இன்னொரு கூட்டம். அங்கேயும் பாதி முட்டை வீண், ஒரு குஞ்சுக்கு அலகு கோணல்! அந்தக் கூட்டத்தின் தலைவன் கருவாலன் அவள் சொன்னதைக் கேட்டுத் தலை குனிந்தான். "உங்க சேவல் இங்க வர்றதா இருந்தா, நான் அங்க வர்றேன்" என்றான்.

சாம்பி திரும்பி வந்து அதைச் சொன்னதும் செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் தங்கான் தவழ்ந்து தவழ்ந்து அவனிடம் வந்தான். "அப்பா, அவங்கல்லாம் ஓடறாங்க. நான் எப்ப ஓடுவேன்?"

எந்தச் சேவலும் செய்யாததைச் செவலை செய்தான். தரையில் படுத்து, குஞ்சைத் தன் இறக்கைக்குள் வைத்துக்கொண்டான். அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது அவன் விலாவில் தெரிந்தது.

பொழுது விடிந்ததும் கூவினான். மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். "போயிட்டு வர்றேன்" என்றுகூடச் சொல்லாமல் கரைமேல் ஏறி நடந்தான். சாம்பி பின்னாலேயே போனாள்.

கரைமேல் செவலை வருவதைப் பார்த்து, கருவாலன் பாதி வழியில் எதிரே வந்தான். இரண்டு சேவலுக்கும் பிடரி சிலிர்த்தது. சண்டைதான் என்று சாம்பி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க தங்கானுக்குக் காலால கிளற முடியாது" என்று செவலையின் குரல் மெதுவாகக் கேட்டது. "நீ கிளறிவிட்டு, புழுவை அவன் வாய்கிட்ட தள்ளிவிடணும். செய்வியா?"

"செய்றேன். எங்க கோணல் அலகுக் குஞ்சுக்கு ஈர மண்ணுன்னா கொத்த வரும். நீ குளத்தோரமா கூட்டிட்டுப் போவியா?"

"போறேன்!"

இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயின. செவலை திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்தால் கால் வராது என்று அவனுக்குத் தெரியும்.

மழைக்காலம் கழிந்து சாம்பி மறுபடி அடைக்கு உட்கார்ந்தாள். பன்னிரண்டு முட்டையில் பதினொன்று பொரிந்தன. பதினொன்றும் மஞ்சளும் கறுப்புமாய் ஓடி வந்து, நொண்டி நொண்டி நடந்த தங்கானைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணே! அண்ணே!" என்று கத்தின. கருவாலன் மண்ணைக் கிளறினான். முதல் புழுவைத் தங்கான் பக்கம் தள்ளிவிட்டான்.

நம் கூட்டம் மட்டும் போதும் என்று வாசலை அடைத்துக்கொள்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளையே வாடவிடுகிறார்கள். பிள்ளைகள்மேல் மெய்யான பாசம் உள்ளவர்கள் பெருமையை விட்டுவிட்டு அந்நியருக்கும் இடம் கொடுப்பார்கள்.