பினாங்குக்கு ஒரு மடக்குக் கத்தி

பயணம் கிளம்புகிறவர்களே, உங்கள் மூட்டையில் இருப்பவற்றுள் மிகக் கூரியது எது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

பாபநாசத்தில், ஆற்றை ஒட்டி ஒரு சிறிய மடம். அதன் தலைவி மங்கையம்மைக்கு வயது நாற்பதுதான். சீடர் சைலப்பரோ அறுபதைக் கடந்தவர். மரக்கடை நடத்தி ஓய்ந்தவர். அவர் தலைவியை ‘அம்மா’ என்பார். தலைவி அவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

சைலப்பரின் தம்பி பினாங்கில் தம் வீட்டில் மரணப் படுக்கையில் கிடந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய கடைசி ஆசை. தம்பி மகள் அன்றாடம் தொலைபேசியில் கெஞ்சினாள். சைலப்பரிடம் பாஸ்போர்ட் இருந்தது, பணமும் இருந்தது. விமானச் சீட்டு மட்டும் இன்னும் எடுத்தபாடில்லை.

ஒருநாள் காலை, அவர் அம்மையின் முன் துணி விரித்து மூன்று கத்திகளை வைத்தார்.

“என்ன அண்ணாச்சி, கடை போட்டுட்டீங்களா?”

“வெளிநாட்டுக்கு எது உதவும்னு நீங்கதான் சொல்லணும் அம்மா. இது மடக்குக் கத்தி, ஒற்றை அலகு. இது கொஞ்சம் நீளம். இதிலே கத்தரி, ரம்பம், குறடு எல்லாம் அடக்கம்.”

“சீக்காளியைப் பார்க்கப் போறதுக்கு ரம்பம் எதுக்கு?”

சைலப்பர் சிரிக்கவில்லை. “அவனுக்கு மாங்காய் சீவிக் கொடுக்கணும். சின்ன வயசிலே நான் சீவினாத்தான் தின்பான்.”

அம்மை மடக்குக் கத்திக்காகக் கை நீட்டினார். சைலப்பர் அதைத் தரையில் வைத்து, மெல்ல நகர்த்தினார்.

“கையிலே தரமாட்டீங்களோ?”

“கத்தியைக் கைக்குக் கை கொடுத்தா பகை வரும்மா.”

“சரிதான். விமானத்திலே?”

“கைப்பையிலே விடமாட்டாங்க. சோதனையிலே பிடுங்கிடுவாங்க. அடியிலே போற பெட்டியிலேதான் வைக்கணும்.”

“எல்லாம் விசாரிச்சிருக்கீங்க.”

“ஒரு மாசமா விசாரிக்கிறேன். அவசரப்பட்டு எடுத்துடக் கூடாது, பாருங்க.”

அம்மை அலகை விரித்துப் பார்த்தார், மடக்கினார்.

“போனதும் தம்பிகிட்டே முதல் வார்த்தை என்ன சொல்வீங்க?”

சைலப்பர் ஒரு நொடியும் தயங்கவில்லை.

“பெத்த அம்மாவுக்குக் கொள்ளி போட வராதவன், என்னை மட்டும் எதுக்குடா கூப்பிட்டே?”

அம்மை மடக்கிய கத்தியைத் துணிமேல் வைத்தார்.

“இந்த நாலாவது கத்தியை எப்போ எடுத்தீங்க அண்ணாச்சி?”

“எங்க அம்மா போன அன்னிக்கு.”

“அன்றாடம் தீட்டுவீங்களோ?”

சைலப்பர் தலை குனிந்தார். படுக்குமுன் அந்தச் சொற்களை அவர் ஒருமுறை சொல்லிப் பாராத நாளே இல்லை. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகச் சீவி எறிந்து, நுனி மட்டும் மிஞ்சும்படி செய்து வைத்திருந்தார்.

“மாங்காய் சீவுற கத்திக்கு ஒரு மாச விசாரணை. இதுக்கு யாரையும் நீங்க கேட்கலை. எந்தச் சோதனையிலேயும் இது அகப்படாது. நேரே அவர் கட்டில் வரைக்கும் போயிடும்.”

சைலப்பர் துணியில் கிடந்த கத்திகளைப் பார்த்தார். “அப்போ நான் எதைத்தான் கொண்டுபோறது அம்மா?” என்றார்.

அம்மை மூன்று கத்திகளையும் துணியோடு சுருட்டித் தம் பக்கம் வைத்துக்கொண்டார்.

“வெறுங்கையோட போங்க. அந்த வீட்டு அடுக்களையிலே ஒரு கத்தி இல்லாமலா போகும்? கேட்டு வாங்கி, கட்டில் ஓரமா உட்கார்ந்து, முதல்லே மாங்காயைச் சீவுங்க. ஆனா சீட்டை இன்னிக்கே எடுங்க அண்ணாச்சி. எழுந்திருங்க. இன்னிக்கே!”