பழசு எங்கே சார்?

அந்தப் பட்டறையில் மேனேஜர் தனசீலன் வைத்ததுதான் சட்டம். ஏழு பேர் போகிற பெரிய வண்டி ஒன்றுக்கு ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோயிருந்தது. புதுசு போடாமல், பழசுக்கே கறுப்பு பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்ட வைத்தார். "புதுசுன்னு நீதான் சொல்லணும், இல்லேன்னா வேலை கிடையாது" என்றார் மெக்கானிக் இருதயராஜிடம்.

வண்டிக்கார அம்மா மெஹர்பானு வந்தார். குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறப் போகிறாராம். இருதயராஜ் வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் அவர்கள் உயிர் போகும்.

"புதுசு மாட்டியாச்சா தம்பி?"

மேனேஜர் முறைத்தார். இருதயராஜ் பணிவாகக் கையைத் துடைத்தான். "சார் சொன்னா சரிதாம்மா. கழட்டின பழசை வழக்கம்போல உங்க டிக்கியில வச்சுடறேன். எங்கே சார் இருக்கு?"

தனசீலன் மூலை மூலையாகத் தேடினார். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட மெஹர்பானு, வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஷாக் அப்சார்பரைத் தடவி எடுத்தார். விரலெல்லாம் காயாத கறுப்பு பெயிண்ட்.

"தேடாதீங்க சார், பழசு கிடைச்சிடுச்சு. இந்தத் தம்பியே என் கண்ணெதிரே கழட்டட்டும்."