பிரிக்காத பூப்பொட்டலம்

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைக்காத காலம். கிளியும் கீரியும் மனுஷரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் நீலவேலி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் ராஜாவிடம் நமக்கு ஒரு வேலையும் இல்லை, அவர் பாட்டுக்கு அரண்மனையில் சௌக்கியமாக இருக்கட்டும். நாம் பார்க்கப்போவது அந்த ராஜ்ஜியத்தின் ஓரத்தில், ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், அவல் இடித்துப் பிழைத்த சிலம்பாயியை.

சிலம்பாயிக்கு ஒரு குறையும் கிடையாது. புருஷன் சங்கிலி நல்ல உழைப்பாளி. வயலிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே பாட ஆரம்பித்துவிடுவான். மகள் பவளத்துக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சிரிப்பாள். வீட்டில் நெல் உண்டு, உலக்கை உண்டு, தலைக்கு மேலே கூரை உண்டு. எல்லாம் இருந்தும் சிலம்பாயிக்குக் கவலை தீராது. மழை பெய்தால் கூரை ஒழுகுமோ என்று கவலை. பெய்யாவிட்டால் ஏரி வற்றுமோ என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு ஏன் ஒன்றுமே நடக்கவில்லை என்று கவலை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம், வீடு கட்டுவது என்று பெரிய காரியம் எது வந்தாலும் அம்மனிடம் பூப்போட்டுப் பார்ப்பார்கள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். பிரித்துப் பார்த்து வெள்ளை இருந்தால் அம்மன் சரி என்கிறாள் என்று அர்த்தம். சிவப்பு இருந்தால் வேண்டாம் என்கிறாள். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்க வேண்டும், அதோடு பேச்சு முடிந்தது.

சிலம்பாயிக்கு ஒரு தடவை எங்கே போதும்? சிவப்பு வந்தால் பதறிப்போய் மறுபடி கட்டுவாள். வெள்ளை வந்தாலோ அதைவிட மோசம். இவ்வளவு சுலபமாக வெள்ளை வருமா, நாம் கேட்டது அம்மன் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் பிடித்துக்கொள்ளும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மறுபடி கட்டுவாள். எடுக்கிற கை எப்போதும் பவளத்தின் கைதான். மற்றப் பிள்ளைகள் ஏரியில் குதித்துக்கொண்டிருக்க, அவள் கோயிலில் நின்று பொட்டலம் எடுத்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் அவளுக்கே தாங்கவில்லை. "அம்மா, அதான் அம்மன் சரின்னு சொல்லிருச்சே. அப்புறம் ஏன் திரும்பத் திரும்பக் கேக்குற?"

"உனக்கென்னடி தெரியும். இன்னும் ஒரே ஒரு தடவை எடு" என்றாள் சிலம்பாயி. கூடையைத் துழாவினால் பூ தீர்ந்துபோயிருந்தது. கோயில் நந்தவனமே மொட்டையாகிக் கிடப்பதைப் பார்த்த பூசாரி கையெடுத்துக் கும்பிட்டு, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே தாயே என்று அனுப்பிவைத்தார்.

இந்தச் சேதி ஊமத்தன் காதுக்குப் போனது. யார் இந்த ஊமத்தன் என்கிறீர்களா? காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு மந்திரவாதி. நாளைக்கு நமக்கு என்ன ஆகுமோ என்று பயந்து பயந்தே மந்திரம் படித்தவன். அடுத்தவர் பொருள் ஒன்று கைக்கு வந்தால் அவன் மந்திரம் ஒரு சாண் வளரும். அவன் பூக்காரன் வேஷம் போட்டுக்கொண்டு, கூடையும் தலையுமாகச் சிலம்பாயி வீட்டு வாசலில் வந்து நின்றான். தன்னிடம் உள்ள இலை பொய் சொல்லாது, எத்தனை தடவை கேட்டாலும் கோபித்துக்கொள்ளாது என்றான். அதற்கு என்ன தர வேண்டும் என்று கேட்டாள் சிலம்பாயி.

"பெருசா ஒண்ணுமில்ல தாயி. உங்கிட்ட இருக்கும், ஆனா நீ கண்டுக்காம விட்டிருப்ப. அப்படிப்பட்ட ஒண்ண ஒவ்வொரு தடவையும் நான் எடுத்துக்குவேன். கண்ணுலயே படாதது போனா உனக்கென்ன நஷ்டம்?"

நியாயமாகத்தான் பட்டது. நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் நாமும் தலையாட்டியிருப்போம்.

முதல் தடவை, இந்த மழைக்குக் கூரை தாங்குமா என்று கேட்டாள். வெள்ளை வந்தது. அன்றைக்கு நெல் வறுத்தபோது சட்டியிலிருந்து வாசனையே எழும்பவில்லை. சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் தடவை, புருஷனுக்குப் போன காய்ச்சல் திரும்பாமல் இருக்குமா என்று கேட்டாள். திரும்பாது என்று வெள்ளை வந்தது. அன்று சாயங்காலம் சங்கிலி தெருமுனையில் வாயைத் திறந்தான், பாட்டு வரவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தான், அப்போதும் வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். என்ன ஏதென்று சிலம்பாயி கேட்கவில்லை, அடுத்து எதைக் கேட்கலாம் என்ற யோசனையில் இருந்தாள்.

மூன்றாம் தடவை, இருப்பதிலேயே பெரிய கேள்வியைக் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தாள். ஏரியில் குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்டப் பவளம் ஓடி வந்தாள். எதையோ உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இங்க பாரேன்" என்றாள். "இருடி" என்றாள் சிலம்பாயி, தலையைத் திருப்பாமலே. என் மகள் நல்லா இருப்பாளா என்று கேட்டு நாரை அவிழ்த்தாள். பால் மாதிரி வெள்ளைப் பூ. நெஞ்சு நிறைந்து "பவளம்" என்று திரும்பினாள்.

பவளம் இல்லை. தரையில் சின்னச் சின்ன ஈரக் கால்தடங்கள் காய்ந்துகொண்டிருந்தன. வாசலில் பூக்காரனும் இல்லை, கூடையும் இல்லை. மகளைக் கொடுத்துவிட்டு மகளைப் பற்றிப் பதில் வாங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

பிறகு எழுந்தாள். பூக்காரன் வேஷத்தில் வந்தவன் ஊமத்தன்தான், கொண்டுபோனதையெல்லாம் அவன் தன் தோட்டத்தில் செடியாக நட்டு வைப்பான் என்று சொன்ன பூசாரிக்கு, அந்தத் தோட்டம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை. சங்கிலி வடக்கே தேடப் போனான். சிலம்பாயி முந்தானையில் ஒரு பிடி அவலை முடிந்துகொண்டு காட்டுக்குள் நுழைந்தாள்.

வழி பிரிகிற இடத்தில் ஒரு உடும்பு பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஊமத்தன் தோட்டத்துக்கு எது வழி என்று கேட்டாள். இடப்பக்கம் என்றது உடும்பு. கொஞ்ச தூரம் போனவள் மனசு கேட்காமல் திரும்பி வந்தாள். நிச்சயமாக இடப்பக்கம்தானா என்று கேட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் இடப்பக்கத்து வழியில் முள் மண்டி அடைத்துக்கொண்டது.

"இந்தக் காட்டு வழிக்கு ரோஷம் ஜாஸ்தி. ஒரு தடவை கேட்டா விடும், ரெண்டாந் தடவை கேட்டா அடைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு உடும்பு கண்ணை மூடிக்கொண்டது.

முள்ளில் புகுந்து, காலெல்லாம் கீறி, சுற்றி வளைத்து அடுத்த பிரிவுக்கு வந்தாள். அங்கேயும் அதே உடும்பு படுத்திருந்தது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கேயும் வழி கேட்டாள், நடந்தாள், திரும்பி வந்து கேட்டாள். மறுபடி முள், மறுபடி ரத்தம். மூன்றாவது பிரிவில் உடும்பு வலப்பக்கம் என்றது. நடந்தாள். கேள்வி தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. இது தப்பான வழியாக இருந்தால் பிள்ளை என்ன ஆவாள் என்று உள்ளே ஒரு குரல் அரித்தது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, திரும்பாமல் நடந்தாள். வழி திறந்தே இருந்தது, நேரே தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது.

அப்படி ஒரு தோட்டத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு செடிப் பக்கம் போனால் நெல் வறுபடுகிற வாசனை. இன்னொரு செடி காற்றில் ஆடும்போது சங்கிலியின் பாட்டு. ஒரு புதரைத் தாண்டினால் யாரோ ஒரு தாய் சாப்பிட வா என்று தன் பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தம். இன்னொன்றைத் தொட்டால் முதல் மழையின் குளிர்ச்சி. ஊர் ஊராக ஜனங்கள் பார்க்காமல் விட்டதையெல்லாம் ஊமத்தன் கொண்டுவந்து இங்கே நட்டு வைத்திருந்தான். அவன் மட்டும் எதையும் முகர்ந்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

இத்தனை செடிகளில் பவளம் எது? பழைய பழக்கத்தில், ரெண்டு பூவைப் பறித்துப் பொட்டலம் கட்டிக் கேட்கலாம் என்று கை நீண்டது. யார் வீட்டுப் பிள்ளையோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள். பவளத்துக்கு எந்தப் பல் விழுந்திருந்தது என்று யோசித்தாள். தெரியவில்லை. பெற்ற தாய்க்குத் தெரியவில்லை. வெட்கத்தில் அவளுக்கு முகம் சுட்டது.

தெரிந்ததையாவது நினைப்போம் என்று வரப்பில் உட்கார்ந்தாள். அவலைத் திருடிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நான் தின்னலையே என்று சொல்வது. தூக்கத்தில் அம்மா மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வது. கதை முடிவதற்குள் "அப்புறம், அப்புறம்" என்று அவசரப்படுவது. நினைக்க நினைக்க ஊற்று மாதிரி வந்தது. இவ்வளவும் எனக்குக் கொடுத்திருந்தாயே தாயே என்று ஏரிக்கரை அம்மனைக் கும்பிட்டாள். கேள்வி இல்லாமல் அவள் அம்மனைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

வரிசையின் கடைசியில் ஒரு குட்டிச் செடி அசைந்தது. அதில் இருந்த ஒற்றை மொட்டு மெல்ல விரிந்தது. சுற்றிலும் வெள்ளை இதழ்கள், முன்னால் ஒரு இதழ் மட்டும் இல்லாமல் ஓட்டை. சிலம்பாயி ஓடிப்போய் அந்தப் பூவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள், அது அவள் கையில் சாய்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து ஊமத்தன் வந்து நின்றான். கையில் இரண்டு பொட்டலம். ஒன்றை எடுத்துப் பிரி என்றான். வெள்ளை இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். சிவப்பு இருந்தால் பிரித்தவர் நின்ற இடத்திலேயே வேர்விட்டுச் செடியாகிவிட வேண்டும். பிரிக்கவே இல்லையென்றால் இந்தப் பெண் இப்படியே பூவாக இருப்பாள். உங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்கிறேன், படுபாவி இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்திருந்தான்.

சிலம்பாயி ஒன்றை எடுத்தாள். விரல் நாரில் போய் நின்றது. பிரித்துப் பார்த்துவிடு என்று அவள் கையே அவளைக் கெஞ்சியது. ஆனால் பிரிக்க வேண்டுமானால் பூவை ஏந்திய கையை எடுக்க வேண்டும், கண்ணை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இத்தனை நாளும் எத்தனையோ வெள்ளை வந்ததே, ஒன்றையாவது நம்பினோமா என்று நினைத்தாள். பொட்டலத்தை அப்படியே மடியில் செருகிக்கொண்டாள்.

"ஏன் பிரிக்கல?" என்றான் ஊமத்தன்.

"அவளைப் படைச்சவ கையில அவள ஒப்படைச்சுட்டேன் ஐயா. இனி நான் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பூவா இருந்தாலும் எம்பொண்ணு. இங்கயே இருந்து தண்ணி ஊத்திப் பாத்துக்குவேன்."

சொல்லும்போது கண்ணீர் வழிந்தது. சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தது போல் இருந்தது. ஓடைத் தண்ணீரைக் கையில் மொண்டு செடிக்கு ஊற்றினாள். முந்தானையை அவிழ்த்துக் கொஞ்சம் அவல் தின்றாள். வேர் பக்கத்திலும் ஒரு சிட்டிகை வைத்தாள். வெயில் இதமாக இருந்தது. பாதி விட்டுப்போன கதை ஒன்றைப் பூவுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஊமத்தனுக்கு ஒன்றும் ஓடவில்லை. பயப்பட வேண்டியவள் கதை சொல்கிறாள். அப்படியானால் இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவள் எடுத்ததில் வெள்ளை இருந்துவிட்டால்? இரண்டிலும் சிவப்பைத்தானே வைத்தோம். வைத்தோமா? கட்டும்போது கண்ணில் தூசி விழுந்ததே, அப்போது கை மாறியிருக்குமோ? அந்த அம்மன் நடுவில் புகுந்து ஏதாவது செய்திருப்பாளோ? இந்தப் பக்கம் நடந்தான், அந்தப் பக்கம் நடந்தான். கையில் மிச்சமிருந்த பொட்டலத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பூவரச இலை தடிப்பாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துக்கிட்டா நிம்மதி" என்று முணுமுணுத்துக்கொண்டே நாரை இழுத்தான்.

உள்ளே ரத்தச் சிவப்பாக ஒரு அரளி. "அப்பாடா, சிவப்புதான்" என்று பெருமூச்சு விட்டான். விட்டவன் காலைத் தூக்கப் பார்த்தான், தூக்க முடியவில்லை. குனிந்து பார்த்தால் விரலெல்லாம் வேராகி மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் தண்டாயிற்று, கை இலையாயிற்று. பெருமூச்சு விட்ட வாய் ஒரு ஊமத்தம்பூவாக விரிந்து வானத்தைப் பார்த்து நின்றது.

மந்திரக்காரன் போனான், மந்திரமும் போயிற்று. தோட்டம் பொலபொலவென்று உதிர்ந்தது. வாசனைகள் காற்றில் ஏறித் தங்கள் வீடுகளுக்குப் போயின. குரல்கள் தங்கள் தொண்டைகளைத் தேடிப் பறந்தன. வடக்கே எங்கோ ஒரு காட்டில் சங்கிலி, தான் பாடிக்கொண்டிருப்பதைத் தானே கேட்டுத் திகைத்து நின்றான். சிலம்பாயியின் கையில் இருந்த பூ கனத்தது, சூடானது, இரண்டு கையும் இரண்டு காலுமாக மடியில் விழுந்தது.

"அப்புறம்? அந்தக் கதையில அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்றாள் பவளம்.

சிலம்பாயி மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். கதையை முடித்துக்கொண்டே நடந்து ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த பொட்டலம் அப்போது பவளத்தின் கண்ணில் பட்டது. அதில் என்ன பூ என்று கேட்டாள். தெரியாது என்றாள் சிலம்பாயி. பவளத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, தன் அம்மாவா இது என்று ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்று நாரில் கை வைத்தாள்.

"வேணாம்டி தங்கம். நீ இருக்க. அதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்று சொல்லிச் சிலம்பாயி அதை வாங்கி ஆற்றில் போட்டாள். இலைப் பொட்டலம் ஒரு முறை சுழன்றது, பிறகு நீரோடு போய்விட்டது. மகள் முன்னே ஓடினாள், தாய் அவளைப் பார்த்துக்கொண்டே பின்னே நடந்தாள்.

அதில் என்ன பூ இருந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சிலம்பாயிக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. தெரியாமலே அன்றைக்கு வீட்டுக்குப் போய், மகள் மேலே காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள, நிம்மதியாகத் தூங்கினாள்.