முயல் வீட்டுப் பிரதிஷ்டை

ஆற்றங்கரைக் காட்டில் வெள்ளம் வடிந்தபோது ஒரு புதர்கூட மிஞ்சவில்லை. வளைகள் எல்லாம் சேறு அடைத்துக் கிடந்தன. செய்தி மலைமேல் இருந்த சபைக்கு எட்டியது. சபையார் ஞாயிறுதோறும் ஆலமரத்தடியில் கூடிப் பாடுகிறவர்கள், மனசு இளகியவர்கள். "வாங்க, போய் வீடு கட்டிக் குடுப்போம்" என்று கொக்கு சொன்னதும் ஒரு கூட்டமே கீழே இறங்கி வந்தது.

அதில் ஒருவன் முள்ளம்பன்றி தாசையா. மண் தோண்டுவதென்றால் அவனுக்கு உயிர். கூடவே இன்னொரு குணமும் உண்டு. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வான். சொல்லாத வேலை கண்ணெதிரே கிடந்தாலும் கேட்காமல் தொடமாட்டான். சபையில் இதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர். அதில் அவனுக்கு நல்ல பேரும் இருந்தது.

அவனுக்கு ஒதுக்கியது முயல் செல்லக்கனியின் வீடு. அவள் புருஷனை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பால்குடி மறக்காத நான்கு குட்டிகளை வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு, ஒளிய ஒரு புல்லும் இல்லாத வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு பருந்து வட்டமிட்டபடியே இருந்தது.

தாசையா மூச்சு விடாமல் தோண்டினான். தண்ணீர் ஏறாத மேட்டில் வளை எடுத்து, உள்ளே தரையை வழவழவென்று மெழுகினான். முட்களைச் சிலிர்த்துக்கொண்டு அவன் அங்கே நின்ற வரைக்கும் பருந்து கிட்டே நெருங்கவில்லை.

வேலை முடிந்தது. செல்லக்கனி ஒரு குட்டியைக் கவ்வித் தூக்கினாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றது கொக்கு. வாசலுக்குக் குறுக்கே ஒரு காட்டுக்கொடியைக் கட்டி, நடுவில் பூவும் செருகியது. "மூப்பர் வந்து ஜெபம் பண்ணி, கொடிய அறுத்துப் பிரதிஷ்டை பண்ணணும். முதல் அடி அவரு வைக்கணும். அப்புறம் நீ போகலாம்."

"எப்ப வருவாரு ஐயா?"

"பெரிய ஏரியில ஒரு கூட்டம். முடிஞ்சதும் வந்துருவாரு."

மூப்பர் ஒரு கூழைக்கடா, பை போன்ற அலகுள்ள பெரிய நீர்ப்பறவை. அவர் கூட்டம் எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. கொக்கு தாசையாவை வாசலில் காவல் வைத்துவிட்டு, வரவேற்புப் பாட்டுக்கு மைனாக்களைப் பழக்க ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

வெயில் ஏறியது. குட்டிகள் வாடி வதங்கின. முயல் பல்லுக்கு அந்தக் கொடி எம்மாத்திரம்? ஆனால் கட்டிக்கொடுத்தவர்கள் மனம் கோணிவிடுமோ என்று செல்லக்கனி பயந்தாள். அடுத்த வேளைக் கீரைக்கும் அவர்கள் கையைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, நான் வெளியவே நிக்கேன். பிள்ளைகள மட்டும் உள்ள விடுங்க. மூப்பர் வரவும் வெளிய எடுத்துருதேன்."

தாசையாவுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே எவ்வளவு குளுமை என்று தோண்டிய அவனுக்குத் தெரியாதா? கொடியை விலக்கக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். ஆனால் மெழுகிய தரையில் குட்டிகளின் கால்தடம் விழுந்தால் கொக்கு என்ன சொல்லுமோ!

"இரும்மா. ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்."

"நீங்க போகாதீங்க அண்ணாச்சி. நீங்க இங்க நின்னாலே போதும்."

"இந்தா, வந்துட்டேன்."

போனான், மடையன். நல்லவன்தான், இருந்தாலும் மடையன்.

ஆற்றங்கரையில் பாட்டு பாதியில் இருந்தது. முடியட்டும் என்று மரியாதையாக ஓரமாய் நின்றான். சரணம் முடிந்து, பல்லவியை இன்னொரு முறை பாடி முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னான்.

"பச்சப் பிள்ளைக, உள்ள விட வேண்டியதுதானே" என்றது கொக்கு. "இதுக்குப் போயா கேக்க வந்த?"

தாசையா ஓட்டமாய் ஓடி வந்தான். செல்லக்கனி கொடிக்கு முன்னால் அப்படியே நின்றிருந்தாள். வயிற்றுக்கடியில் மூன்று குட்டிகள் இருந்தன. வானத்தில் பருந்து இல்லை.

"உள்ள போம்மா" என்றான். "சொல்லிட்டாங்க."

அவள் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. குட்டிகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. மூப்பரே வரட்டும்."

பொழுது சாயும் நேரத்தில் மூப்பர் வந்தார். மைனாக்கள் பாடின. நீளமாக ஜெபித்தார். கொடியை அறுத்தார். முதல் அடி வைக்கத்தான் முடியவில்லை. வாசல் முயலுக்குத் தோண்டியதாயிற்றே! அலகை மட்டும் உள்ளே நுழைத்து எடுத்துக்கொண்டார். பிறகு தாசையாவை முன்னால் அழைத்து, "இப்படிப்பட்ட கீழ்ப்படிதல்தான் சபைக்கு வேணும்" என்று சொல்லி ஒரு மாலையைப் போட்டார்.

"வீடு கிடைச்சதுக்கு நீ ஒரு சாட்சி சொல்லும்மா" என்றது கொக்கு.

செல்லக்கனி எழுந்து நின்றாள். "வீடு நல்லா இருக்கு ஐயா. நாலு பிள்ளைக்குன்னு தோண்டினது. மூணு பிள்ளைக்குத் தாராளமா இருக்கும்."

கூட்டம் கைதட்டியது. அவள் சொன்னதைக் காதில் வாங்கியவன் தாசையா ஒருவன்தான். மாலை அவன் முட்களில் சிக்கிக் குத்தியது. அதைக் கழற்றி எறிந்தால் தேவலை என்றிருந்தது. அதற்கும் யாராவது சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தான்.

பிள்ளைகளே, பெரியவர்களே, ஒதுங்க இடம் கேட்டு ஒரு உயிர் வாசலில் நிற்கும்போது கதவைத் திறக்க எவருடைய உத்தரவும் வேண்டாம். உத்தரவு கேட்கப் போகிறவனும் பருந்துக்கு வேலை செய்கிறவன்தான்.